வரிசை பற்றி அண்ணனுக்கு ஒரு பதில்

கேரளத்துக் குளத்துப்புழைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

"நாமெல்லாம் விசா எடுத்துத்தானே வந்தோம்? வரிசை தாண்டிப் படகில் வருகிறவனை நடுக்கடலிலேயே திருப்பிவிட்டால் என்ன தப்பு?" என்று துபாய் அண்ணன் எழுதியிருந்தார். அவர்மேல் கோபம் இல்லை. இங்கே மெல்பர்னிலும் நம்மவர்கள் வாழை இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டே இதைத்தான் சொல்கிறார்கள்.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 பேரோடு ஒரு படகு கிளம்பியது. இலங்கைத் தமிழர்கள், பிள்ளைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுக்குக் கிட்டத்தில் அந்நாட்டுச் சுங்கக் கப்பல் மறித்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டது. தீவில் இறக்கவில்லை; இந்தியாவை நோக்கிக் கப்பலைத் திருப்பினார்கள். அங்கேயும் இறக்க முடியவில்லை. ஏறக்குறைய நான்கு வாரம் அவர்களுக்குக் கப்பலே சிறை, ஜன்னல் இல்லாத அறைகள். கேட்டால், கடலில் நடப்பதைப் பற்றிப் பேசமாட்டோம் என்பதுதான் அரசாங்கத்தின் பதில். கடைசியில் நவுரு என்ற தீவு நாட்டு முகாம். அப்படி அடைத்துவைத்தது செல்லும் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது; ஏழு நீதிபதிகளில் 4 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு.

வரிசை என்றதும் எனக்குத் தாத்தா ஞாபகம்தான். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டபோது தோட்டத்து லயங்களில் குடியிருந்த ஜனங்களை யார் கேட்டார்கள்? தலைமன்னாரில் கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், அப்புறம் குளத்துப்புழையில் நம்ம ஆர்.பி.எல். (திரும்பி வந்தவர்களுக்கான மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம்) ரப்பர் தோட்டம். கொழுந்து பறித்த பாட்டி ஐம்பது வயதில் பால்வெட்டுக் கத்தி பிடிக்கப் பழகினாள். அவர்களுக்காவது கையில் இரண்டு சர்க்கார் கொடுத்த காகிதம் இருந்தது.

தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் இலங்கை அகதி எந்தக் கவுண்டரில் வரிசை நிற்பது, அண்ணே? 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. முகாமில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தியக் குடியுரிமையும் இல்லை.

நம்ம கரையிலேயே பாருங்கள். 2019 ஜனவரியில் கேரளத்து முனம்பம் துறைமுகத்திலிருந்து நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஒரு மீன்பிடிப் படகு போனது. மறித்ததாகக்கூட யாரும் சொல்லவில்லை. படகில் இடம் போதாமல் விட்டுப்போன பைகள்தான் கரையில் கிடைத்தன.

ஊரில் இருக்கும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள்: பழைய ட்ரங்குப் பெட்டிகளில் பெரியவர்களின் கப்பல் காகிதம் இருந்தால் போட்டோ எடுத்து இந்தக் குழுவுக்கு அனுப்புங்கள். அண்ணன் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும். அவர் அப்பா வந்ததும் அதே கப்பல்தான்.