புதுப்பிப்பு: மூடிய பள்ளிக்கூடம், கிராம சபைக்குப் பிறகு

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் பிள்ளைகள் இல்லாமல் மூடிய ஒன்றியத் தொடக்கப்பள்ளியைச் சமுதாயக் கூடமாக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். மே 1 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனுவும் கொடுத்தாயிற்று.

அப்புறம் ஊரே சேர்ந்து சுத்தம் செய்யப் போனோம். ஓட்டுக்கூரை இரண்டு இடத்தில் ஒழுகியிருக்கிறது, உத்தரத்தில் கரையான். கரும்பலகை ஓரத்தில் 'பதிவு 4, வருகை 3' என்று சாக்பீஸ் எழுத்து அழியாமல் இருந்தது. அதைத் துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அங்கேயே படித்த அக்கா ஒருவர் அழுதுவிட்டார்.

2019-இல் மாணவரே இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்ததை ஒருவர் நினைவூட்டியிருந்தீர்கள், நன்றி. அதைக் காட்டித்தான் ஒரு அறையை நூலகத்துக்குக் கேட்டிருக்கிறோம். பெரிய அறை மகளிர் குழுக் கூட்டத்துக்கும் வளைகாப்புக்கும். பெங்களூரு, திருப்பூர் போன குடும்பங்கள் திரும்பினால் மறுபடி பள்ளியாகவே நடக்க வேண்டும் என்பதையும் மனுவில் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார்கள்.

மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும். பழைய ஓடு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வண்டி எடுத்துக்கொண்டு வருகிறோம்.