வீட்டுச் சாமானைக் குறைத்தால் குப்பை குறையுமா, இடம்தான் மாறுமா?

தலவாக்கலை அக்கா:
போன தீபாவளிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. புதுச் சாமான் ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். அலுமாரிக்கு மேலே அடுக்கியிருந்த பெட்டிகள், பால்மாவுக்கு இலவசமாக வந்த கோப்பைகள், விசேஷ வீடுகளில் கொடுத்த பிளாஸ்டிக் தட்டுகள், மூடி இல்லாத போத்தல்கள், போத்தல் இல்லாத மூடிகள் எல்லாம் போயாச்சு. அரிசி, மா, பருப்பு எல்லாம் துணிப்பையில் சில்லறையாக வாங்குகிறோம். சோற்றுக்கடைக்குப் பெட்டி கொண்டுபோகிறோம் (பெட்டியைப் பார்த்தால் கடைக்காரர் ஒரு கரண்டி கூடவே போடுகிறார், அது எனக்கு லாபம்). மரக்கறிக் கழிவு கொம்போஸ்ட் பீப்பாய்க்கு. குப்பை லொறி வரும் நாளில் எங்கள் பை இப்போது பாதிகூட நிறைவதில்லை. வருகிற தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரே உடுப்பு என்று சொல்லியாச்சு. இதை மலையகத்தில் எந்தக் குடும்பமும் செய்யலாம், மனம்தான் வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வாருங்கள்.

மஸ்கெலியா லயத்துப் பொடியன்:
வந்தாச்சு அக்கா. உள்ளே வருவதற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறீர்கள், வெளியே போனது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. உங்கள் வாசலுக்கு லொறி வருகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வருவதில்லை. 2025 கடைசியில் தித்வா புயல் அடித்தபோது உடுப்பு மூட்டைகள் வந்தன. நல்லதும் வந்தது, கும்பிட்டு வாங்கினோம். ஆனால் சிப் போன கால்சட்டை, ஒற்றைச் செருப்பு, விருந்துக்குப் போடுகிற ஜிகினா கவுன் என்று டவுன் அலுமாரியைத் துப்புரவாக்கியதும் அதோடு சேர்ந்து வந்தது. அதையெல்லாம் யார் எரித்தது? நாங்கள்தான். எரிக்காதது வடிகால் கானில் போனது. எங்கள் கான் ஓடையில் விழும், ஓடை மவுசாகலை நீர்த்தேக்கத்தில் விழும், அங்கிருந்து களனி ஆறு. கொழும்புக்கு அம்பத்தலேயில் சுத்திகரித்துக் கொடுப்பதும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். ஆக, நீங்கள் வீட்டைச் சுத்தமாக்கியது உண்மை. குப்பை குறைந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தலவாக்கலை அக்கா:
தம்பி, கிழிந்ததை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அது கரித்துணியாகவும் கால்மிதியாகவும் என் வீட்டிலேயே கிடக்கிறது. யாரோ அனுப்பிய ஜிகினா கவுனுக்கு என்னிடம் கணக்குக் கேட்பது நியாயமா? நான் சொன்னதில் முக்கியமானது வாங்காமல் இருப்பது. வாங்காத சாமானை எங்கேயும் கொண்டுபோய்க் கொட்ட முடியாது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

டிக்கோயா டெய்லர்:
வாங்காமல் இருப்பதற்கு என் முழு ஆதரவு. ஆனால் அந்த ‘ஒரே உடுப்பு’ என்ற இடத்தில்தான் இடிக்கிறது. இது வெயில் அடிக்கிற ஊர்க்காரர்களின் யோசனை. ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் ஒரு சுவெட்டரைத் துவைத்துப் போட்டால் காய நாலு நாள் ஆகும், அதற்குள் மணக்கத் தொடங்கிவிடும். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீட்டில் மாற்று உடுப்பு இல்லாமல் எப்படிச் சமாளிப்பது? இங்கே அலுமாரி நிறைந்திருப்பதற்குப் பாதிக் காரணம் மழை.

மற்றப் பாதிக்குக் காரணம் துணி. அப்பா காலத்தில் சேர்ட் காலர் தேய்ந்தால் புரட்டித் தைக்கக் கொண்டுவருவார்கள். கால்சட்டை மடிப்பை இறக்கி, பிறகு தம்பிக்கு ஏற்றிக் கொடுப்போம். இப்போது நடைபாதையில், ஃபக்டரியில் கழித்த ரிஜெக்ட் உடுப்பு மலிவாகக் கிடைக்கிறது. அதைத் திருத்தக் கொண்டுவந்தால் சிப்புக்கும் கூலிக்கும் சேர்த்து நான் கேட்கிற காசுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம். இழுபடுகிற துணி ஒருமுறை தளர்ந்தால் எந்தத் தையலும் அதைக் காப்பாற்றாது. என்னைக் கேட்டால் அக்காவின் சட்டம் இப்படி இருக்க வேண்டும்: எத்தனை வாங்குகிறோம் என்று எண்ணாதே, தைத்துத் திருத்தக்கூடியதை வாங்கு.

பேல்பஜார்:
நுவரெலியாவில் ஜெக்கட் விற்கிற எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் சீசனில் எல்லாரும் ‘வேண்டாம், வீட்டில் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போனால் நாங்கள் எதைத் தின்பது?

டிக்கோயா டெய்லர்:
உங்கள் ஜெக்கட் பத்து வருஷம் உழைக்கும் அண்ணே. உங்களுக்கு எதிரி நடைபாதைதான், அக்கா இல்லை.

பண்டாரவளை வாத்தியார்:
இந்த விவாதமே தப்பான இடத்தில் நிற்கிறது. எப்போது பார்த்தாலும் குடும்பத்தின் தலையில், அதுவும் அம்மாமாரின் தலையில், இதைக் கட்டிவிடுகிறோம். 2017 ஏப்ரலில் கொழும்புக்குப் பக்கத்தில் மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் சோறு கட்டுகிற பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிஃபோம் பெட்டியும் தடை. 2021இல் உணவும் மருந்தும் தவிர்ந்த சின்னச் சஷே பக்கெட்டுகள் தடை. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, தட்டு. 2025 நவம்பரிலிருந்து கடையில் ஷொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. பையின் விலை எவ்வளவோ, காசு கேட்டவுடன் ஆட்கள் வீட்டிலிருந்து பை கொண்டுவரத் தொடங்கினார்கள். மனம் மாறி இல்லை, பில்லில் எழுதியதால். சட்டமும் விலையும் செய்கிற வேலையை ஒரு குடும்பத்தின் கட்டுப்பாடு செய்யாது.

தலவாக்கலை அக்கா:
சேர், நீங்கள் சொன்ன பட்டியலே எனக்குச் சாட்சி. 2017இல் தடைசெய்த லஞ்ச் ஷீட்டில் இன்றைக்கும் சோறு கட்டித் தருகிறார்கள். சட்டம் வந்து ஆற அமர வேலை செய்யட்டும், அதுவரை என் வீட்டுக் குப்பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏழு பேர்ச்:
நான் கொழுந்து எடுக்கிறவளின் மகள், இப்போது லயத்தை விட்டு, ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டில் இருக்கிறேன். அக்கா, ‘மனம்தான் வேண்டும்’ என்ற உங்கள் வார்த்தை சுட்டது. மாதச் சம்பளம் வரும்வரை கடைக் கொப்பியில் கடன் எழுதிச் சாமான் எடுக்கிற வீட்டில் பெரிய போத்தல் ஷாம்பு வாங்கு என்றால் எப்படி? கையில் இருப்பதற்குத் தக்கதைத்தான் வாங்க முடியும், அது சின்னப் பக்கெட்டில்தான் வருகிறது. சஷே தடை வந்தபோது எங்கள் வீட்டில் ஷாம்பு நின்றது, பழையபடி சவர்க்காரம்தான்.

அப்புறம் வீட்டை ஒழிப்பது. என் அம்மா எதையும் எறிய மாட்டார். பால்மா டின்னில் மிளகாய்த்தூள், உரப்பையில் விறகு, கிழிந்த படங்கு கோழிக்கூட்டுக்குக் கூரை. கட்டிலுக்கு அடியில் பார்த்தால் உங்களுக்குத் தலைசுற்றும். ஆனால் 2022இல் காஸ் இல்லாமல் நாடே கியூவில் நின்றபோது எங்கள் வீட்டில் விறகடுப்பு எரிந்தது. ‘பழசு, கரி’ என்று அடுப்பை உடைத்து டைல்ஸ் பதித்த வீட்டுக்காரர்கள் சோற்றுப்பானையோடு எங்கள் வாசலில் நின்றார்கள். அவர்களும் அதை வேண்டாத சாமான் என்றுதான் வெளியே எடுத்திருப்பார்கள்.

நான் எல்லாவற்றையும் மறுக்க வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையான காம்பராவில் சோபா செட் வாங்கிப் போட்டு, வெளித்திண்ணை இஸ்தோப்பில் படுக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். தீபாவளி முற்பணம் கையில் வந்தவுடன் தவணைக்காரன் லயத்து வாசலுக்கே வந்துவிடுகிறான். டீவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவான். பிறகு டீவி பழுதாகும், கட்ட வேண்டிய தவணை அப்படியே இருக்கும். அதை நிறுத்தச் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன். என் அம்மாவின் டின்னை மட்டும் தொடாதீர்கள்.

தலவாக்கலை அக்கா:
டின் இருக்கட்டும், அது உபயோகத்தில் இருக்கிற சாமான். தவணை விஷயத்தில் நாம் ஒரே கட்சி. ஆனால் தங்கச்சி, எங்கள் வீட்டு மாடியறையில் கிடந்தது விறகடுப்பு இல்லை. யாரும் குடிக்காத கோப்பை அது.

மஸ்கெலியா லயத்துப் பொடியன்:
லொறிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். சிறுத்தை வந்தால் செய்திக்காரன் வருவான், லொறி மட்டும் வராது.

பண்டாரவளை வாத்தியார்:
அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு தம்பி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவு செய்வதைக் கட்டிப்போட்டிருந்தது. தோட்டம் கம்பெனிக்கு உரியது, அங்கே எதுவானாலும் நிர்வாகம் பார்க்கட்டும் என்ற நிலை. வாக்குப் போடலாம், சபைக்கு ஆளை அனுப்பலாம், கானைத் திருத்தச் சொல்லிக் கேட்க முடியாது. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே வருஷம் அம்பகமுவ சபையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் பிரிந்தன. ஆகவே இனி ‘சட்டம் விடவில்லை’ என்று சபை சொன்னால் நம்பாதீர்கள். லொறி இல்லை, டீசல் இல்லை, ரோட்டு இல்லை என்று சொன்னால், அது வேறு சண்டை. எழுத்தில் கேளுங்கள், தோட்டத் தலைவர்மாரின் கையெழுத்தோடு.

மஸ்கெலியா லயத்துப் பொடியன்:
கேட்போம் சேர். ரோட்டு இல்லை என்றுதான் சொல்வார்கள், அதிலும் பொய் இல்லை. லொறி ஏறாவிட்டால் மெயின் ரோட்டில் ஓர் இடம் குறித்துக் கொடுக்கட்டும், சுமந்து கொண்டுவந்து வைக்கிறோம். கொழுந்து சுமக்கிற முதுகுதானே.

தலவாக்கலை அக்கா:
போத்தலும் இரும்பும் அட்டையும் அதற்கு வேண்டாம், பழைய சாமான் வாங்குகிறவர் எடுப்பார். மரக்கறிக் கழிவு கொம்போஸ்டுக்கு. நம் குளிருக்கு மெதுவாகத்தான் உக்கும், ஆனாலும் உக்கும். லீக்ஸ் இலையைச் சின்னதாக வெட்டிப் போட்டால் சீக்கிரம். மிச்சம் எவ்வளவு இருக்கும்?

ஏழு பேர்ச்:
பால்மா பக்கெட் இருக்கிறது. உள்ளே வெள்ளி, வெளியே பிளாஸ்டிக், அதை யாரும் காசுக்கு எடுப்பதில்லை. பிஸ்கட் உறையும் அப்படித்தான். எல்லாவற்றையும்விடப் பெரியது பெம்பர்ஸ். எங்கள் வரிசையில் கைக்குழந்தை இருக்கிற எந்த வீட்டுப் பின்பக்கத்தையும் பாருங்கள்.

தலவாக்கலை அக்கா:
என் பிள்ளைகள் துணியில்தான் வளர்ந்தார்கள். இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் பெம்பர்ஸ் போதுமே?

டிக்கோயா டெய்லர்:
நான் பழைய பிளெனலில் தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

ஏழு பேர்ச்:
தையுங்கள் அண்ணே, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஜூலையில் பிள்ளை ஒரு நாளைக்கு நனைக்கிற துணியை நான் எங்கே காயப்போடுவது என்று அக்காதான் சொல்ல வேண்டும். அடுப்புக்கு மேலே என்று சொல்லாதீர்கள், அங்கே மகனின் ஸ்கூல் சப்பாத்து காய்கிறது.