புதுப்பிப்பு: முடிந்துபோன ஹொரைசன் 2020 திட்டத்தின் அறிக்கைகள் கிடைத்தன

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 என்ற ஆய்வு நிதித் திட்டத்தின் கீழ் நடந்து, இணையதளமே மறைந்துவிட்ட ஓர் ஐரோப்பியக் கூட்டாய்வுத் திட்டத்தின் அறிக்கைகளை எங்கே தேடுவது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

பலனளித்தது, மானிய ஒப்பந்த எண்ணை (நிதி பெறும் ஒவ்வொரு திட்டத்துக்கும் தரப்படும் அடையாள எண்) கொண்டு தேடச் சொன்ன யோசனையே. அத்திட்டத்தில் விளைந்த கட்டுரை ஒன்றின் நன்றியுரையில் அந்த எண் இருந்தது. ஐரோப்பிய ஆணையம் தான் நிதியளித்த ஆய்வுத் திட்டங்களின் விவரங்களை வெளியிடும் கோர்டிஸ் தளத்தில் அதை இட்டதும், பங்கேற்ற பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றும் பெற்ற நிதி ஆகியவற்றோடு, முடிவுகள் பகுதியில் அறிக்கைகளும் கிடைத்தன. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு இணையதளத்தோடு அழிந்துவிடவில்லை என்பதில் எனக்குப் பெரும் நிம்மதி.

எதிர்பாராதது ஒன்று உண்டு: இரகசியமென வகைப்படுத்தப்பட்ட அறிக்கைகள் அங்கு இல்லை, நான் தேடிய அளவீட்டுத் தரவுகளோ செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில், அதே எண்ணுடன் இருந்தன.