180 கார் நிறுத்தும் இடத்துக்கு வயர்லெஸ் சென்சார்: ஒரு கேட்வே போதுமா?

அலைவரிசை:
திறந்தவெளியில் 180 கார் நிற்கும் இடம். எந்த இடம் காலி என்பது செயலியிலும் நுழைவாயில் பலகையிலும் தெரிய வேண்டும். தரையில் பதிக்கும் மேக்னட்டோமீட்டர் (காந்தப்புலத்தை அளக்கும்) சென்சார், லோராவான் (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குச் சிறு செய்தி அனுப்பும் ரேடியோ முறை), சென்சார் செய்திகளை வாங்கி சர்வருக்கு அனுப்பும் 8 சேனல் கேட்வே ஒன்று என்பது திட்டம். ஓர் இடத்துக்கு ஒரு நாளில் சுமார் 12 கார், வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று எனச் செய்தி; மணிக்கொரு முறை ‘உயிரோடு இருக்கிறேன்’ செய்தியையும் சேர்த்தால் ஏறக்குறைய 50 செய்திகள். காலி மைதானத்தில் சோதித்தபோது கடைசி மூலையிலிருந்தும் எஸ்எஃப்7-இல் (எஸ்எஃப் எண் கூடினால் வேகம் குறையும், சிக்னல் எட்டும் தூரம் கூடும்; 7 வேகமானது) சிக்னல் வந்தது. கேட்வே ஒன்று போதுமா? 19 ஆம்ப்-மணி டி அளவு லித்தியம் பேட்டரி எத்தனை வருடம் வரும்?

கம்பியில்லா:
காலி மைதானச் சோதனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். சென்சார் முக்கியமான செய்தியை அனுப்பும் நேரத்தில் அதன் ஆன்டெனாவுக்கு மேல் ஒரு இரும்புக் கூரை, அதாவது கார், வந்து நின்றிருக்கும். சிக்னல் வண்டியின் அடிப்பக்க இடைவெளி வழியாகத்தான் வெளியே வர வேண்டும். தாழ்வான காரை மேலே நிறுத்தி, இரு பக்கமும் கார்களை நிறுத்தி, மழைநீர் தேங்கிய நிலையிலும் அளந்து பாருங்கள். அப்போதும் சிக்னல் தேவையான குறைந்தபட்ச அளவைவிட 10 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

அடுத்த பொறி ஏடிஆர், அதாவது சென்சாரின் வேகத்தை சர்வரே தானாக மாற்றும் வசதி. பரவலாக உள்ள சர்வர் அல்காரிதம் கடைசி 20 செய்திகளில் மிகச் சிறந்த எஸ்என்ஆரை (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு வலுவானது என்ற அளவை) எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டும். அந்தச் சிறந்த செய்தி இடம் காலியாக இருந்தபோது வந்தது. அதை நம்பி சென்சார் எஸ்எஃப்7-க்கு இறங்கும், கார் வந்ததும் செய்தி தொலையும். பலகையில் ‘காலி’ என்றே நிற்கும். ஏடிஆரை அணைத்துவிட்டு, கார் மேலே நிற்கும்போது அளந்த மதிப்பை வைத்து ஒவ்வொரு சென்சாருக்கும் எஸ்எஃப்9 அல்லது 10 என்று நிலையாக வையுங்கள்.

செய்தி எண்ணிக்கையைத் தாங்க ஒரு கேட்வே தாராளம்: 180 இடத்துக்கும் நாளுக்கு 9,000 செய்தி என்றால் சராசரியாக ஏறக்குறைய 10 விநாடிக்கு ஒன்றுதான். ஆனாலும் இரண்டு வாங்கி எதிரெதிர் மூலைகளில் உயரமாக வையுங்கள். ஒரு பக்கம் மறைந்தால் மறுபக்கம் கேட்கும். இரண்டு பிரதிகள் வந்தால் சர்வரே ஒன்றைக் கழித்துவிடும்.

எல்லாச் செய்திக்கும் ஒப்புகை (‘செய்தி வந்தது’ என்ற பதில்) கேட்காதீர்கள். கேட்வே ஒப்புகை அனுப்பும் நேரத்தில் அதன் காது மூடியிருக்கும். மாற்றம் வந்தால் சில விநாடி இடைவெளியில் இரண்டு முறை அனுப்பச் செய்யுங்கள். மணிச் செய்தியிலும் தற்போதைய நிலையைச் சேர்த்துவிட்டால் தவறியது தானே சரியாகிவிடும்.

மின்கலம்:
பேட்டரிக் கணக்கு. எஸ்எஃப்10-இல் சிறு செய்தி ஒன்றுக்குச் சுமார் 0.37 விநாடி, 40 மில்லியாம்ப். 50 செய்திக்கு வருடம் 75 மில்லியாம்ப்-மணி. கேட்கும் நேரத்தையும், நீங்கள் இரட்டிப்பாக அனுப்புவதையும் சேர்த்து 150 என்று வையுங்கள். உண்மையில் தின்பது ரேடியோ அல்ல, ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் சென்சார். சராசரி 60 மைக்ரோஆம்ப் என்றால் அதுவே வருடம் 525. தானாகக் கசிவது 1 சதவீதம், அதாவது 190. மொத்தம் 865, தாளில் 22 வருடம் வரும். வெயிலில் கசிவு கூடும், குளிரில் கொள்ளளவு குறையும், ஆகவே பாதியை மட்டும் நம்புங்கள்.

இவ்வகைச் சென்சாரில் வழக்கமாக வரும் லித்தியம் தயோனில் குளோரைடு பேட்டரி நெடுநேரம் சும்மா இருந்தால் உள்ளே லித்தியத்தின் மேல் ஒரு படலம் படியும். அடுத்த செய்தியின்போது வோல்ட்டேஜ் சட்டென்று விழுந்து கன்ட்ரோலர் ரீசெட் ஆகும். இணையாகக் கெப்பாசிட்டர் உள்ள மாடலையே கேளுங்கள்.

மூன்றச்சு:
மேக்னட்டோமீட்டர் மட்டும் போதாது. பூமியின் காந்தப்புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. பக்கத்து இடத்தில் நிற்கும் பெரிய வண்டி அதைக் கலைக்கும் அளவும், உங்கள் இடத்தில் சற்றுத் தள்ளி நிற்கும் சிறு கார் கலைக்கும் அளவும் ஒன்றுபோல இருக்கக்கூடும். ரேடாரும் சேர்ந்த இரட்டைச் சென்சார் எடுங்கள்: காந்தம் எழுப்பும், ரேடார் உறுதி செய்யும். ரேடார் எப்போதும் ஓடினால் மேலே சொன்ன பேட்டரிக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

அடிப்படை அளவை (கார் இல்லாதபோது உள்ள காந்த அளவை), சென்சாரைக் குழியில் ஒட்டும் எபாக்சி பசை இறுகிய பிறகு, இடமும் இரு பக்கமும் காலியாக இருக்கும்போது எடுங்கள். வெப்பத்தால் அது நகரும், அதனால் மெல்லத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ‘காலி’ நிலையில் மட்டும். இல்லையென்றால் ஒரு வாரம் நிற்கும் காரையே தரையாகக் கற்றுக்கொள்ளும். வருகைக்கும் போக்குக்கும் வேறு வேறு வரம்பு வையுங்கள்.

குழிக்குள் இறக்கும் முன் சென்சார் எண்ணையும் இட எண்ணையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். எபாக்சி ஊற்றிய பின் இரண்டு எண்கள் மாறியிருப்பதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை.

அலைவரிசை:
மிக்க நன்றி. பின்னால் அடித்தளத்தில் 60 இடம் சேரும். அங்கும் இதேதானா?

கம்பியில்லா:
வேண்டாம். அங்கே கூரையும் மின்சாரமும் இருக்கின்றன. கூரையில் அல்ட்ராசோனிக் (ஒலியலையால் தூரம் அளக்கும்) சென்சார், அவற்றை இணைக்க ஆர்எஸ்485 தகவல் கம்பி போதும். தரைச் சென்சார் என்றால் கான்கிரீட்டின் கம்பிகள் காந்த அளவைக் குழப்பும்; கூரைச் சென்சாரில் பேட்டரி மாற்றும் வேலையும் இருக்காது.