வாரத்துக்கு ஒரு பீரியட், கையில் சைலோபோன் குச்சி, பெயர்கூட முழுதாகத் தெரியாத முப்பது பிள்ளைகள்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தொண்டைகட்டிய டீச்சர்

வணக்கம். ஆரம்பப் பள்ளியில் பாட்டு, ஓவியம் இரண்டுமே இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை பன்னிரண்டு வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரே ஒரு 40 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 350 பிள்ளைகளுக்கு மேல் வருகிறது. கிளாஸ் டீச்சரிடம் பெட்டிப்பாம்பாக இருக்கிற அதே பிள்ளைகள், என் அறைக்குள் கால் வைத்ததும் கயிறு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி ஆகிவிடுகிறார்கள்.

போன வியாழக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். சைலோபோன்களை (வரிசையான கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி) கொடுத்துவிட்டு "இன்னும் யாரும் அடிக்க வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன், முதல் வரிசை அதற்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கை தட்டினேன், உஷ் என்றேன், கத்தினேன். கடைசியில் விளக்கை அணைத்தேன். அரை நிமிடம் அமைதி, அப்புறம் இருட்டில் ஒருவன் "ஊஊ" என்று பேய் மாதிரிக் கத்த, அதுவும் போயிற்று. அடுத்த பீரியட் வாட்டர் கலர். பெல் அடிக்கும்போது மேசையெல்லாம் கலங்கல் தண்ணீர், இருக்கிற ஒரே சிங்க்கில் இருபது பேர், ஒரு டப்பா சாய்ந்து இன்னொரு பெண்ணின் படத்தில் கொட்டி அவள் ஒரே அழுகை, வாசலில் அடுத்த வகுப்பு வரிசையில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை எனக்குக் குரலே இல்லை. "அன்பாக இருங்கள், கண்டிப்பாகவும் இருங்கள்" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நாளைக்குக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

மரக்கட்டை

பத்தொன்பது வருடமாகப் பாட்டு டீச்சர். வியாழக்கிழமை நடந்ததில் பிள்ளைகள் பக்கம் பெரிய தப்பு இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளையின் முன்னால் சைலோபோனை வைத்து, கையில் குச்சியும் கொடுத்து, அடிக்காதே என்றால் எப்படி? நானும் நீங்களுமே ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம்.

கருவி கைக்குப் போவதற்கு முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். நான் தாளத்தை முதலில் தொடையில் தட்டவைப்பேன். வலது, இடது, வலது வலது. வாயாலும் சொல்லவைப்பேன். மொத்த வகுப்பும் தொடையில் சரியாகத் தட்டிய பிறகுதான் குச்சி வெளியே வரும். குச்சி கைக்கு வந்ததும் முதலில் பழக வேண்டியது அடிப்பதை அல்ல, நிறுத்துவதை: இரண்டு குச்சியையும் தோளில் சாய்த்து வைத்துக்கொள்வது. "தோளில்!" என்றால் தோளில். முதல் வாரம் இதை ஒரு விளையாட்டாகவே செய்யுங்கள், நாலு அடி அடி, தோளில், எட்டு அடி அடி, தோளில். யாராவது தோளில் வைக்காமல் அடித்தால் பேச்சே வேண்டாம், அவர் குச்சியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று தொடையில் தட்டச் சொல்லி, அடுத்த சுற்றில் திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுப்பது முக்கியம். பீரியட் முழுக்கப் பிடுங்கி வைத்தால் அவனுக்கு அப்புறம் இழக்க ஒன்றும் இல்லை, பாக்கி நேரம் உங்களை ஒரு வழி பண்ணிவிடுவான்.

கருவி எல்லோருக்கும் போதாது என்றால் அதுவும் நல்லதுதான். இரண்டு பேருக்கு ஒன்று, ஒருவர் வாசிக்க மற்றவர் அதையே தொடையில், பதினாறு எண்ணிக்கை முடிந்ததும் இடம் மாற்றம். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பிள்ளைதான் வம்பு செய்யும்.

இன்னொன்று, சைலோபோன் கட்டைகளைக் கழற்ற முடியும் அல்லவா? எஃப், பி என்ற இரண்டு ஸ்வரங்களின் கட்டைகளையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கிற ஐந்தும் நம் மோகன ராகம்தான், ச ரி க ப த. எதைத் தட்டினாலும் காதைக் குத்தாது. ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வழியில் சொல்லிக்கொடுப்பவர்கள் பலரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இரைச்சல் பாதி குறைந்த மாதிரி இருக்கும், உண்மையில் குறையவில்லை, நமக்கு எரிச்சல் குறைகிறது, அவ்வளவுதான். கட்டையை எடுக்கும்போது இரண்டு முனையையும் பிடித்து நேராகத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள், ஒரு பக்கம் நெம்பினால் உள்ளே இருக்கும் ஆணி வளைந்துவிடும்.

குரலுக்கு: கத்துவதை விட்டுவிடுங்கள், கத்தினால் அவர்களும் கூட்டுவார்கள். நான் ஸ்வரத்துக்கு ஒன்றாக இருக்கும் கைச்சைகைகளைப் பயன்படுத்துகிறேன். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் கர்வென் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது, பிறகு கோடாய் முறை (ஹங்கேரி இசையமைப்பாளர் கோடாயின் பெயரில் உள்ள இசைக் கல்வி முறை) வழியாக உலகம் பூராவும் பரவியது. வாயைத் திறக்காமல் கையை மட்டும் காட்டுவேன், பார்க்கிறவர்கள் அந்த ஸ்வரத்தைப் பாடுவார்கள். முதலில் நாலு பேர், அப்புறம் பத்து, அப்புறம் எல்லோரும். பாடுகிற வாய் பேச முடியாதே.

ஈர பிரஷ்

ஓவியத்துக்கு நான் வருகிறேன். உங்கள் பிரச்சினை சிங்க். அந்தப் பக்கம் பிள்ளைகளை விடவே விடாதீர்கள். மேசைக்கு ஒரே ஒருவர், வாரம் ஒருவராக மாறட்டும், அவர் கையில் ஒரு வாளி. எல்லோருடைய தண்ணீரும் வாளிக்குள், எல்லா பிரஷும் ஒரே தட்டில் படுத்த வாக்கில். முடி கீழே இருக்கும்படி தண்ணீரில் நிற்கவைத்தால் ஒரே மாதத்தில் எல்லா பிரஷும் கோணிக்கொள்ளும். பிரஷை நானே மாலையில் கழுவிவிடுகிறேன், ஐந்து நிமிட வேலை. மேசைக்கு ஒரு ஈர ஸ்பாஞ்ச், அதனால் கை, மேசை இரண்டையும் துடைத்துக்கொள்வார்கள். சோப்பு போட்டுக் கழுவுவது அவரவர் வகுப்புக்குப் போகும் வழியில் நடக்கட்டும்.

டப்பா சாய்வதற்கு: லேசான பிளாஸ்டிக் டம்ளரை மூட்டைகட்டிவிட்டு, அடி கனமான பழைய மக் ஏதாவது கொண்டுவாருங்கள், தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மேசை ஓரத்தில் வேண்டாம், நடுவில். பெயரைப் பென்சிலால் பின்பக்கம் எழுதிய பிறகுதான் பெயிண்ட்.

பெல்லுக்கு எட்டு நிமிடம் முன்னால் நிறுத்துங்கள், சின்ன வகுப்பு என்றால் பத்து. எழுந்து போவது மேசை மேசையாக. இதில் நான் கண்டுகொண்ட ஒரே ரகசியம், ஒரு தடவை வெறும் டப்பாவையும் உலர்ந்த பிரஷையும் வைத்து எடுத்துவைப்பதை மட்டும் ஒத்திகை பார்ப்பது. தண்ணீர் இல்லை, கலர் இல்லை. எனக்கே முதலில் ஒரு பீரியட் வீணாகிறதே என்று மனசு வரவில்லை. அந்த வருடம்தான் முதன்முறையாக நான் ஈரமில்லாத செருப்போடு வீட்டுக்குப் போனேன்.

முடிந்தால் ஒரே வாரத்தில் எல்லா வகுப்புக்கும் ஒரே பொருளை வையுங்கள். இந்த வாரம் முழுக்க வாட்டர் கலர், அடுத்த வாரம் கிரேயான். பாடம் வேறாக இருக்கலாம், மேசை மாற வேண்டியதில்லை.

கணக்கு வாத்தியார்

ஓவியமும் பாட்டும் எனக்கு வராது, மன்னிக்கவும். ஆனால் வகுப்பை அணி அணியாகப் பிரித்து மதிப்பெண் போடும் ஒரு விளையாட்டு இருக்கிறது, 1969இல் நாலாம் வகுப்பு ஒன்றில் செய்து பார்த்து எழுதியது, இன்றுவரை பல இடங்களில் பயன்படுகிறது. விதியை மீறினால் அணிக்கு ஒரு கோடு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் இருந்தால் வெற்றி, எல்லா அணியும் ஜெயிக்கலாம். என் வகுப்பில் நன்றாக ஓடுகிறது.

மரக்கட்டை

சார், உங்களிடம் அவர்கள் தினமும் வருகிறார்கள். எங்களிடம் ஏழு நாளுக்கு ஒரு தடவை. போன வாரக் கோடு யாருக்கு ஞாபகம் இருக்கும்? தவிர, ஒரே பையன் நாலு கோடு வாங்கிக்கொடுத்தால் அவன் அணி அவனைச் சும்மா விடாது, அதைத் தீர்ப்பதற்கே எனக்கு அந்த 40 நிமிடம் போதாது. செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு விதி, பத்தே நிமிடம், அன்றைக்கே கணக்கு முடித்துவிட வேண்டும்.

ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து பார்த்து 1970இல் எழுதியதுதான் எனக்கு உதவியது. சேட்டை நடந்த பிறகு டீச்சர் எப்படிக் கண்டித்தார் என்பதில் நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தடங்கல் இல்லாமல் ஒரு வேலையிலிருந்து அடுத்ததுக்கு நகர்த்துகிறாரா, எல்லாப் பக்கமும் அவர் கண் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறதா, இதில்தான் வித்தியாசம். அதனால்தான் குச்சி, வாளி என்று இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

தொண்டைகட்டிய டீச்சர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். "தோளில்" பிரமாதம், ஆறு வயதுக் கூட்டம் நான் சொல்லாமலே தோளில் வைத்துக்கொண்டு என்னை முறைக்கிறது. வாளி ஒரு தடவை வாசலில் கவிழ்ந்தது, பரவாயில்லை, முக்கால்வாசி ஊற்றவிட்டது நான்தான். எஃப், பி எடுத்தாயிற்று.

ஒன்று மட்டும் பாக்கி. எட்டு வயதுப் பையன் ஒருவன், எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான். இழுத்து உட்காரவைக்கப் பார்த்தேன், என்னை உதைத்துவிட்டான். இது சேட்டை மாதிரித் தெரியவில்லை.

ஈர பிரஷ்

சேட்டை இல்லை, அவனுக்குச் சத்தம் நிஜமாகவே தாங்கவில்லை. என் வகுப்பில் ஒரு பெண் பசை கையில் பட்டாலே இப்படித்தான், ஐஸ் குச்சியால் தடவ விட்டேன். கிளாஸ் டீச்சரிடமும் வீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

மரக்கட்டை

இழுக்காதீர்கள். காதை மூடும் பட்டை ஒன்று, ஹெட்போன் மாதிரி இருக்குமே, அதை அலமாரியில் வைத்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவனிடம் காட்டுங்கள். இடம் கதவுப் பக்கம், முதுகுக்குப் பின்னால் யாரும் வாசிக்காத மாதிரி. அப்புறம் நிறுத்தச் சொல்லும் வேலையை அவனிடமே கொடுத்துப் பாருங்கள். அவன் கையைத் தூக்கினால் எல்லோரும் "தோளில்". சத்தம் எப்போது நிற்கும் என்பது அவன் கையில் இருந்தால் எவ்வளவு நேரம் தாங்குகிறான் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.