கிரீடத்தை மிதித்தீர்களா? பழைய பப் அனுபவங்கள்

ஊர்சுற்றி:
வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இருக்கிற பழைய பப்பான கிரௌன் பாருக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் பீங்கான் ஓடு, செதுக்கு மரம், கேஸ் விளக்கு என்று அளக்கப் போவதில்லை. வாசல் தரையில் மொசைக்கில் ஒரு கிரீடம் இருக்குமே, அதில்தான் எனக்கு வினை. கோலத்தைத் தாண்டிப் பழகிய கால், தானாகவே எட்டி வைத்துவிட்டது. வாசலில் சிகரெட்டோடு நின்ற பெரியவர் "நல்லா மிதிப்பா, அதுக்குத்தான் போட்டிருக்கு" என்று சிரித்தார். அப்புறம் கதையும் அவரே சொன்னார்: முதலாளி ஃபிளானகன் கத்தோலிக்கர், கிரௌன், அதாவது கிரீடம் என்று பெயர் வைக்கச் சொன்னது பிரிட்டிஷ் ராஜ விசுவாசியான மனைவி, சரி என்றவர், வருகிறவனெல்லாம் மிதிக்கட்டும் என்று அதைத் தரையில் பதித்துவிட்டாராம். இரண்டு பைன்ட் பீர் இறங்கியும், வெளியே வரும்போது மறுபடி தாண்டித்தான் வந்தேன். அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காகம்:
அது டூரிஸ்ட்டுக்குச் சொல்கிற கதை பாஸ். லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக் பப்புக்கு வாருங்கள். ஆண்கள் கழிப்பறையே ரோஸ் மார்பிள், பெண்கள் 'உள்ளே வரலாமா' என்று கேட்டுவிட்டு வந்து பார்ப்பது வழக்கம். கேட்டார்கள். லிவர்பூல் இங்கிலீஷ் யாருக்குப் புரிகிறது, 'எஸ் எஸ்' என்று தொலைத்தேன். நான் பாதியில் நிற்க, நாலு பேர் உள்ளே. அதில் ஒரு அம்மா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, பக்கத்து மார்பிளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

தூரத்துப்பச்சை:
கிரௌனுக்கு ஒரு தடவை போனேன், செம கூட்டம், நின்றபடி குடித்துவிட்டு வந்தேன். இனிமேல் போகிறவர்களுக்கு: கதவு வைத்த மரத் தடுப்புகள், ஸ்னக் என்பார்கள், ஏ முதல் ஜே வரை பத்துதான். கதவைச் சாத்தினால் பழைய ரயில் பெட்டி மாதிரி. கடை திறந்ததுமே போனால்தான் இடம். உள்ளே தீக்குச்சி உரச உலோகத் தகடு இருக்கும், தேடிப் பாருங்கள். ஆளைக் கூப்பிட மணி இருக்கிறதே என்று அதை அமுக்கிவிட்டுக் காத்திருக்காமல் கவுன்டருக்கே போய் வாங்குங்கள். எதிரே யூரோப்பா ஹோட்டல், வட அயர்லாந்துக் கலவரக் காலத்தில் அதற்குப் பலமுறை குண்டு வைத்தபோது இங்கேயும் சேதம். 1978ல் பழைய கட்டிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வாங்கிப் புதுப்பித்தது, ஆகவே கண்ணாடியெல்லாம் ஃபிளானகன் அலங்கரித்த 1885 சரக்கு என்று யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள். குடையை ஸ்னக்கில் மறக்காதீர்கள்.

ஊர்சுற்றி:
குடைக்கு நன்றி. மிதித்தீர்களா இல்லையா?

தூரத்துப்பச்சை:
கூட்டத்தில் தரை எங்கே தெரிந்தது.