தங்கை பிள்ளைகளை வளர்க்கிறேன், கையில் ஒரு காகிதமும் இல்லை. இலவச வக்கீல் நிஜமாகவே கிடைப்பாரா?

நாகலூர்க்காரி:
ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறேன், காப்பித் தோட்டத்தில் வேலை. தங்கை இறந்து மூன்று வருடம் ஆகிறது, அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் அன்றிலிருந்து என்னிடம்தான். பெண் எட்டாவது, பையன் நான்காவது. அவர்கள் அப்பா திருப்பூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டு போனவர் போனவர்தான், தீபாவளிக்கு ஒரு போன்கூடக் கிடையாது. தங்கை பனியன் கம்பெனியில் வேலை பார்த்த பி.எஃப். பணம் இருக்கிறது என்று யாராவது சொன்னார்களோ என்னவோ, போன மாதம் திடீரென்று வந்து நின்று, "பையனை மட்டும் கூட்டிட்டுப் போறேன், நீ யாரு கேக்கறதுக்கு" என்கிறார். பையன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான், அவர் போன பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கீழே சேலத்தில் ஒரு வக்கீலைக் கேட்டேன், 30,000 ரூபாய் ஆகும் என்றார். அவ்வளவுக்கு எங்கே போவேன். ஊர்ப் பெரியவர்கள் 20 ரூபாய் பத்திரத்தில் அவரிடம் எழுதி வாங்கிக்கொள், போதும் என்கிறார்கள். போதுமா? கோர்ட்டில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்பது உண்மையா, இல்லை பேச்சுக்குத்தானா?

ஓமலூர் அம்மாயி:
கண்ணு, பத்திரத்தை நம்பாதே. நானும் பேத்தியை வளர்க்கிறேன், என் மருமகன் எழுதிக் கொடுத்த பத்திரம் நோட்டரி முத்திரையோடு பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கிறது, எதற்கும் உதவவில்லை. பேங்க்கில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்புறம்தான் சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். வக்கீல் வைத்துக் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், முதலில் வந்தவர் இரண்டு வாய்தாவுக்கு வரவே இல்லை. எழுதிக் கொடுத்தேன், மாற்றிவிட்டார்கள். இரண்டாவதாக வந்த பெண் வக்கீல்தான் முடித்துக் கொடுத்தார்.

வக்கீல் குமாஸ்தா:
பேச்சுக்கு இல்லை அக்கா, சட்டமே இருக்கிறது. 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே உதவி உண்டு. உங்கள் சம்பளம் எவ்வளவு என்பதே பேச்சு இல்லை. வக்கீல் கட்டணம் மட்டுமல்ல, கோர்ட் கட்டணமும் நோட்டீஸ் செலவும் அதில் அடக்கம். ஒதுக்கப்பட்ட வக்கீல் தனியாக "டைப்பிங்குக்கு", "குமாஸ்தாவுக்கு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள் (குமாஸ்தாவாக இருந்துகொண்டு நானே சொல்கிறேன்). அந்த ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி, அவரிடமே எழுதிக் கொடுக்கலாம். மலையிலிருந்து சும்மா இறங்கி வந்து ஒரு நாள் கூலியை விடாதீர்கள், முதலில் சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்போது கசப்பான விஷயம். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதுதான் உங்கள் வழக்கில் சிக்கல். 1890ஆம் வருடத்துக் காப்பாளர் (கார்டியன்) சட்டத்தில், அப்பா இருக்கும்போது அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் நினைத்தாலொழிய வேறு ஒருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்கும் நோட்டீஸ் போகும், அவரும் வந்து பேசுவார். அதனால் அவர் மூன்று வருடமாகத் திரும்பிப் பார்க்கவில்லை, நீங்கள்தான் வளர்த்தீர்கள் என்பதற்குக் காகிதம் வேண்டும். தங்கையின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லோரும் எடுத்து வருவார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, பேர் சேர்த்த ரேஷன் கார்டு, எல்லாவற்றையும்விடப் பள்ளி ரேங்க் கார்டு, அதில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்ப்பார்கள். பெண்ணுக்குப் புரியும் வயது, அவள் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

மனு போடும்போதே, வழக்கு முடியும்வரை பிள்ளைகள் உங்களிடமே இருக்க இடைக்கால உத்தரவும் கேட்கச் சொல்லுங்கள். இது மறக்கவே கூடாது. பிள்ளைகள் யார் பொறுப்பு என்பது குடும்ப நீதிமன்றம்; பணம், சொத்துக்குக் காப்பாளர் என்றால் மாவட்ட நீதிமன்றம், பி.எஃப். விஷயத்தை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதில் மொத்தப் பணம் மட்டும் இல்லை, பிள்ளைகளுக்கு 25 வயதுவரை பென்ஷனும் உண்டு.

மேட்டூர் பையன்:
இலவச வக்கீல் ஏனோதானோன்னுதான் வாதாடுவார். கடன் வாங்கியாவது நல்ல வக்கீல் வைங்க.

ஓமலூர் அம்மாயி:
தம்பி, 30,000 கடனுக்கு வட்டி நீ கட்டுவாயா? என் பக்கத்து வீட்டில் காசு கொடுத்து வைத்த வக்கீலும் வாய்தாதான் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

கண்ணு, இன்னொன்று. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசு. மிஷன் வாத்சல்யா என்று ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வரும் உதவி இருக்கிறது, கிராமத்தில் குடும்ப வருமானம் வருடம் 72,000க்குள் இருக்க வேண்டும். அம்மா இல்லை, அப்பா கைவிட்டார் என்று விசாரித்துத்தான் கொடுப்பார்கள், உடனே வந்துவிடாது. மாநில அரசின் அன்புக் கரங்கள் என்ற 2,000 ரூபாய்த் திட்டத்தையும் சேர்த்துக் கேள்.

நாகலூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. 15100க்குப் போட்டேன், செவ்வாய்க்கிழமை கீழே வருகிறேன், மேஸ்திரியிடம் லீவு சொல்லியாயிற்று. ரேங்க் கார்டு எல்லாம் இருக்கிறது, பெண் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறாள். அண்ணா, ஒரு சந்தேகம். ஒன்றாவது கார்டில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் பையன் பென்சிலால் "பெறியம்மா" என்று தப்பும் தவறுமாக எழுதி வைத்திருக்கிறான். கோர்ட்டில் கொடுப்பதற்கு முன் அழித்துவிடவா?

வக்கீல் குமாஸ்தா:
ஐயையோ, அதில் கையே வைக்காதீங்க.